சக்கரம் முளைத்த குழி: போட்டிக்குப் போகும் புகையடுப்பின் வரலாறு

கேஸ் அடுப்பு பரவுவதற்கு முன்பு, லால்குடிப் பக்கம் பெரிய கல்யாணம் என்றால் முதல் நாளே சமையல் மாஸ்டரின் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அண்டா, தேக்சா, கரண்டி, ஜல்லடை எல்லாம் வண்டியில் வரும். அடுப்பு மட்டும் வராது! அது அங்கேயே உருவாகும். கொல்லைப்புறத்தில் பள்ளம் தோண்டி, இருபுறமும் செங்கல் அடுக்கி, மண் பூசினால் கோட்டை அடுப்பு தயார். கல்யாணம் முடிந்ததும் செங்கல்லைப் பிரித்து, சாம்பலை அள்ளி, பள்ளத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு பள்ளம்.

அதாவது ஊர் ஊராகப் போனது அடுப்பு அல்ல, ஆள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, விறகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, தணலை எப்போது இழுத்துவிட வேண்டும் என்ற கணக்கெல்லாம் மாஸ்டரின் தலைக்குள் இருந்தது.

அமெரிக்காவில் 'பார்பிக்யூ' எனப்படும் புகைக்கறியின் வரலாறும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அங்கேயும் முதலில் குழிதான். பிறகு அந்தக் குழிக்கு இரும்பு உடம்பு வந்தது, சக்கரம் முளைத்தது, கடைசியில் போட்டிக்கும் கிளம்பியது. இன்று ஒரு போட்டியாளர் எந்தப் புகையடுப்பை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதன் பின்னால் இந்த நீண்ட கதை இருக்கிறது. கதை தெரிந்தால் தேர்வும் சுலபம்.

சுடுவது வேறு, புகையில் வேகவைப்பது வேறு

லால்குடி கடைத்தெருவில் யாரிடமாவது பார்பிக்யூ என்றால் என்ன என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றும் கிரில் சிக்கனைக் கைகாட்டுவார்கள். அது சுடுவது. நெருப்பின் நேரடிச் சூட்டில் சீக்கிரம் முடியும் வேலை.

சுட்ட கறி தமிழர்களுக்குப் புதிது அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பாட்டுடைத் தலைவன் கரிகாலன். உறையூரோடும் காவிரியோடும் சேர்த்தே பேசப்படும் சோழன். அவன் கொடுத்த விருந்தில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டுகள் வருகின்றன. இரவும் பகலும் கறி தின்று, நிலத்தை உழுது தேய்ந்த கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டது என்று அந்தக் கலைஞன் சொல்கிறான். உறையூர் இன்று திருச்சி நகரத்துக்குள் ஒரு பகுதி. ஆகவே, இந்த வட்டாரத்தின் கறி விருந்துக்கு 1500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய சான்று உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் புகையில் வேகவைப்பது இதிலிருந்து வேறுபட்டது. நெருப்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். நடுவில் சூடான காற்றும் புகையும் மட்டும். சூடு சுமார் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ்தான். நேரமோ 5 மணியிலிருந்து 14 மணி வரை போகும்.

அவ்வளவு நேரம் எதற்கு? கெட்டியான கறியில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் நிறைய இருக்கிறது. அது கரைந்து பசைபோல் ஆனால்தான் கறி மெத்தென்று ஆகும். அவசரப்படுத்தினால் கறியில் உள்ள தண்ணீர் வற்றிவிடும், நார் மட்டும் அப்படியே நிற்கும். பழைய ஆட்டின் தொடைக்கறியைக் குக்கர் இல்லாமல் சமைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

தமிழ்நாட்டில் புகைக்கறி பெரிதாக வளராததற்கு வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். கறியைக் கெடாமல் வைக்க உப்பும் வெயிலும் போதும். உப்புக்கண்டமும் கருவாடும் அப்படி வந்தவை. மழையும் ஈரமும் அதிகமான நாகாலாந்து மலைகளில் பன்றிக்கறியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பார்கள். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, பிறகு வெயிலில் காயவைத்து மாசி செய்வார்கள். இலங்கைத் தமிழர்கள் சம்பலில் போடும் மாசிக்கருவாடு அதுதான். ஆனால் இவையெல்லாம் வீட்டோடு, கரையோடு இருந்த அடுப்புகள். எங்கும் பயணம் போகவில்லை.

குழி தோண்டியவர்கள் யார்?

பார்பிக்யூ என்ற சொல் 'பார்பகோவா' என்ற சொல்லிலிருந்து வந்தது. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் மரக்குச்சிகளால் கட்டிய பரணுக்கு அந்தப் பெயர். அதன் மேல் மீனையும் கறியையும் வைத்துக் கீழே நெருப்பு மூட்டினார்கள். ஸ்பானியர்கள் அந்தச் சொல்லை 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்கள். பிறகு அது ஆங்கிலத்துக்குப் போனது.

18ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் பார்பிக்யூ ஒரு ஊர்த் திருவிழாவைப் போல ஆகிவிட்டது. பிற்பாடு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன், 1769 மே மாதம் அலெக்ஸாண்ட்ரியா ஊரில் நடந்த ஒரு பார்பிக்யூவுக்குப் போய் இரவு தங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு தேர்தல் கூட்டம், சுதந்திர தினம் எதுவானாலும் நீளமாகக் குழி வெட்டுவது, ஓக், ஹிக்கரி விறகை எரித்துத் தணலாக்குவது, மேலே முழுப் பன்றியைப் போடுவது என்று வழக்கமானது.

விருந்து சாப்பிட்ட பெரிய மனிதர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. குழி வெட்டியவர்கள்? இரவெல்லாம் கண்விழித்துக் கறியைத் திருப்பியவர்கள்? தென் மாநிலங்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். விருந்து முடிந்ததும் குழி மூடப்பட்டது. கூடவே அவர்களுடைய பெயரும் மூடப்பட்டது.

தப்பிப் பிழைத்த பெயர்களில் ஒன்று வெஸ்லி ஜோன்ஸ். தென் கரோலினாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். முன்னாள் அடிமைகளின் நினைவுகளை அமெரிக்க அரசு 1930களில் பதிவு செய்தபோது, முதுமையில் இருந்த அவரும் பேசினார். பார்பிக்யூவுக்கு முந்தைய இரவு முழுவதும் தூங்காமல் கறிக்குச் சாறு தடவிக்கொண்டே இருந்ததை அவர் விவரித்தார். வினிகர், மிளகு, மிளகாய், வெங்காயம், பூண்டு, மல்லி என்று அந்தச் சாற்றின் பக்குவத்தையும் சொன்னார். யாராவது கேட்டு எழுதியதால் மட்டுமே இது இன்று தெரிகிறது.

அடுத்த பெயர் ஹென்றி பெர்ரி. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த இந்தக் கறுப்பினச் சமையல்காரர் கான்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார். 1908ல் ஒரு சந்தில் கறிக்கடை போட்டு, ஓக், ஹிக்கரி விறகில் வாட்டிய கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். அவரிடம் தொழில் பழகியவர்கள் நடத்திய கடைகள் வழியாகத்தான் கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ உலகப் புகழ் பெற்றது. குழி ஒரு கடைக்குள் நிலையாக வந்துவிட்டது, அதோடு சமைத்தவரின் பெயரும் நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

போட்டி வந்தது, சட்டமும் வந்தது

நகரத்துக் காலி மைதானத்தில் குழி வெட்ட யார் விடுவார்கள்? கார் நிறுத்தும் தார்த் தளத்தில் கடப்பாரை போட முடியுமா? 1970களில் போட்டிகள் தொடங்கியபோது எழுந்த முதல் பிரச்சினையே இதுதான்.

ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியில் பார்பிக்யூ போட்டி 1974ல் ஆரம்பமானது. மெம்பிஸ் நகரப் போட்டி 1978ல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே அங்கு வெற்றி பெற்றவர் பெஸ்ஸி லூயிஸ் கேத்தி என்ற கறுப்பினப் பெண்மணி! 1980ல் கான்சாஸ் சிட்டியின் அமெரிக்கன் ராயல் கண்காட்சியும் போட்டி நடத்த ஆரம்பித்தது. 1985ல் கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி என்ற அமைப்பு உருவானது. 1989ல் டென்னசியின் லிஞ்ச்பர்க் ஊரில் ஜாக் டேனியல்ஸ் அழைப்புப் போட்டி ஆரம்பமானது.

இவற்றில் கான்சாஸ் சிட்டி அமைப்பின் விதிகள்தான் அடுப்புத் தேர்வை அதிகம் பாதித்தவை. முக்கியமானவை இதோ:

* நான்கு வகைக் கறி சமைக்க வேண்டும். கோழி, பன்றி விலா, பன்றித் தோள்கறி, மாட்டு நெஞ்சுக்கறி.
* எரிபொருள் விறகு, மரத்தூள் குச்சி, கரி ஆகியவை மட்டுமே. கேஸிலோ மின்சாரச் சூட்டிலோ சமைக்கக் கூடாது. ஆனால் காற்று ஊதும் விசிறிக்கும் எரிபொருள் தள்ளும் மோட்டாருக்கும் மின்சாரம் பயன்படுத்தலாம்.
* அதிகாரி வந்து கறியைப் பார்க்கும் வரை மசாலா தடவக் கூடாது. முதல் நாளே ஊறவைத்து எடுத்துவரும் வித்தை பலிக்காது!
* சமைக்கும் முன் கறி 4 டிகிரி செல்சியஸுக்குள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சமைத்த பின் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது.
* வழக்கமாகக் கோழி 12 மணிக்கும், விலா 12.30க்கும், தோள்கறி 1 மணிக்கும், நெஞ்சுக்கறி 1.30க்கும் நடுவர்களிடம் போக வேண்டும். தாமதமானால் கதை முடிந்தது.
* எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. பெட்டியின் மேல் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. 6 நடுவர்கள் தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கப்படும்.

கடைசி விதியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நடுவர் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. 20 அடி நீள வண்டியில் வெந்ததா, பழைய டிரம்மில் வெந்ததா என்று அவருக்குத் தெரியாது. புகை பட்டதால் கறியின் ஓரத்தில் வரும் இளஞ்சிவப்பு வளையத்துக்குக்கூட மதிப்பெண் கிடையாது.

ஐந்து வகை அடுப்புகள்

முதலாவது, பக்கவாட்டு நெருப்புப் பெட்டி வைத்த அடுப்பு. 'ஆஃப்செட்' என்பார்கள். நீளமான இரும்பு உருளை, அதன் ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. டெக்சாஸ், ஓக்லஹோமா எண்ணெய் வயல்களில் மிச்சமான தடித்த குழாய்களை வெல்டர்கள் இப்படி மாற்றியதாகச் சொல்வார்கள். கால் அங்குலத் தகடு சூட்டைப் பிடித்து வைக்கும். விறகின் அசல் மணம் கிடைக்கும். ஆனால் கனம் அதிகம், டிரெய்லரில் ஏற்றித்தான் இழுக்க வேண்டும். அரைமணி, முக்கால் மணிக்கு ஒருமுறை விறகு வைக்க வேண்டும். வெஸ்லி ஜோன்ஸின் தூக்கமற்ற இரவு இதிலும் தொடர்கிறது.

இரண்டாவது, தண்ணீர்ச் சட்டி வைத்த செங்குத்து அடுப்பு. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் அடையாள மிதவை செய்யும் அதே முறையில் 1952ல் ஒரு மூடி போட்ட உருண்டை அடுப்பைச் செய்தார். அந்த நிறுவனம் 1981ல் புகைக்கென்றே தோட்டா வடிவ அடுப்பைக் கொண்டுவந்தது. கீழே கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே கறி. தண்ணீர் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் சூடு ஏறி இறங்காது. இதன் பெரிய பலம், கார் டிக்கியில் போய்விடும்!

மூன்றாவது, டிரம் அடுப்பு. 55 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் எண்ணெய் டிரம். அடியில் சில துளைகள், உள்ளே கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பி வலை, மேலே மூடி. அவ்வளவுதான். ஏழைகளின் அடுப்பு என்று கேலி செய்தவர்கள்கூட, போட்டிகளில் கோழியும் விலாவும் இதிலிருந்து ஜெயிப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

நான்காவது, பீங்கான் அடுப்பு. ஜப்பானின் கமாடோ என்ற மண் அடுப்பிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். எட் ஃபிஷர் 1974ல் அட்லாண்டாவில் இந்த வகை அடுப்பை விற்கத் தொடங்கினார். அதுவே பின்னர் பச்சை முட்டை வடிவில் பிரபலமானது. கரி மிகக் குறைவாகச் செலவாகும், சூடு அசையாமல் நிற்கும். ஆனால் கனம் அதிகம், வண்டியில் குலுங்கி விழுந்தால் விரிசல் விடும். வீட்டுக்கு ராஜா, பயணத்துக்குச் சுமை.

ஐந்தாவது, மரத்தூள் குச்சி அடுப்பு. ஒரேகன் மாநிலத்தின் ஜோ டிரேகர் 1986ல் காப்புரிமை பெற்றது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். சூட்டைச் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சமைப்பவர் தூங்கலாம்! ஆனால் மின்சாரம் போனால் நெருப்பும் போச்சு. குச்சி மழையில் நனைந்தால் மாவாகிவிடும். இது சமையலா, பட்டனைத் தட்டும் வேலையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, விலையையும் பளபளப்பையும் பார்ப்பது. வரலாறு வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

ஒன்று, எத்தனை ஆள்? இருவர் மட்டும் என்றால் இரவெல்லாம் விறகு தள்ளும் ஆஃப்செட் வேண்டாம். நெஞ்சுக்கறி 5, 6 கிலோ இருக்கும். குறைந்த சூட்டில் 10 முதல் 14 மணி நேரம் ஆகும். மதியம் 1.30க்குக் கொடுக்க வேண்டும் என்றால் முந்தைய இரவே ஏற்ற வேண்டும்.

இரண்டு, நடுவில் நின்றுபோகும் சூட்டுக்கு அவகாசம் இருக்கிறதா? கறியின் உட்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும். புதியவர்கள் பயந்துபோய் நெருப்பைக் கூட்டிக் கறியைக் கெடுத்துவிடுவார்கள். காரணம் சுலபமானது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி? பானை வியர்த்து ஆவியாவதால். கறியும் அப்படித்தான் வியர்க்கிறது. அலுமினியத் தாளில் சுற்றினால் வியர்வை நிற்கும், சூடு ஏறும். இந்த நேரத்தில் நிலையாக நிற்கும் அடுப்பே நல்ல அடுப்பு.

மூன்று, காற்றும் மழையும். மெல்லிய தகடு அடுப்பு வீட்டு மாடியில் அருமையாக வேலை செய்யும், திறந்த மைதானத்தில் காற்றடித்தால் கைவிட்டுவிடும். வாங்கிய அடுப்பை ஒருமுறையாவது மழையில் வைத்துப் பழகாமல் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

நான்கு, புகை எப்படி வருகிறது? ஈர விறகைப் போட்டால் கண்ணெரியும் வெள்ளைப் புகை வரும். அதில் வேகும் கறி கசக்கும். தேவையானது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகை. காற்றுத் துளையைத் துல்லியமாகத் திறந்து மூடும் வசதி அதற்கு வேண்டும்.

ஐந்து, நான்கு கறிக்கும் ஒரே அடுப்பா? கோழிக்கு அதிகச் சூடு, நெஞ்சுக்கறிக்குக் குறைந்த சூடு. அதனால் ஒரு பெரிய வண்டியைவிட இரண்டு சிறிய அடுப்புகள் வசதி. ஒன்று காலை வாரினாலும் மற்றது இருக்கும்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால், முதல் போட்டிக்குப் போகிறவருக்குச் சிறந்தது ஒரு தண்ணீர்ச் சட்டி அடுப்பும் ஒரு டிரம்மும். பெரிய டிரெய்லர் பிற்பாடு வரட்டும்.

இதே அடுப்பைத் திருச்சியில் செய்தால்?

இந்தக் கதைக்கும் காவிரிக் கரைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இரண்டு ஆச்சரியமான சம்பந்தங்கள் உண்டு.

முதலாவது இரும்பு. ஆஃப்செட் அடுப்பு என்பது கிட்டத்தட்ட ஒரு சிறிய பாய்லர். நெருப்புப் பெட்டி, காற்றோட்டம், புகைபோக்கி, கசியாத வெல்டிங் இவை நான்கும் சேர்ந்ததுதான் அது. 1960களில் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை வந்த பிறகு, அதைச் சுற்றி ஏராளமான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. 1975ல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. டெக்சாஸுக்கு எண்ணெய் வயல் வெல்டர்கள் என்றால், திருச்சிக்குப் பாய்லர் வெல்டர்கள். டிரம் அடுப்போ ஆஃப்செட்டோ, இங்குள்ள ஒரு நல்ல பட்டறைக்கு அது பெரிய வேலையே அல்ல.

இரண்டாவது விறகு. டெக்சாஸ் பார்பிக்யூவின் பெருமை 'மெஸ்கீட்' என்ற மரம். தமிழ்நாடெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் அதே இனத்தைச் சேர்ந்தது, அண்ணன் தம்பி மாதிரி! 1870களில் சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்த வரலாறு இதற்கு உண்டு. விறகுக்காகக் கொண்டுவந்த மரம் கண்மாய்களையும் தரிசுகளையும் விழுங்கியது. இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ல் உத்தரவிடும் அளவுக்குப் போனது. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் இதைச் சுட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. புகையடுப்புக்கு இந்தக் கரி மிகவும் பொருத்தம். பச்சை விறகாகப் போட்டால் மட்டும் புகை காரமாக ஏறிவிடும்.

கொட்டாங்கச்சிக் கரியும் நல்ல சூடு தரும், சாம்பல் குறைவு. மணத்துக்கு நன்றாகக் காய்ந்த மா, கொய்யா கட்டைகளில் ஒரு துண்டு போதும். பெயின்ட் அடித்த பலகை, பெட்டி மரம், பிளைவுட் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

டிரம் வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். உணவு எண்ணெய் இருந்ததே நல்லது. அதையும் உள்பூச்சு முழுவதும் போகும்வரை காலியாக எரித்துச் சுரண்டிய பிறகே கறி வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடும் கம்பி வலையும் கூடாது. சூடானால் அதன் ஆவி உடம்புக்குக் கேடு.

கறி விஷயத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கப் பன்றித் தோள்கறியில் கொழுப்பு அதிகம், மணிக்கணக்கில் வெந்தாலும் வறளாது. இங்குள்ள வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு. ஆகவே தண்ணீர்ச் சட்டி அவசியம், பாதி வெந்ததும் வாழையிலையில் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளும் சுற்றிவிடலாம். அதோடு சித்திரை வெயிலில் பச்சைக்கறியை வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், அடுப்புக்குச் செலவழிக்கும் முன் ஒரு நல்ல ஐஸ்பெட்டிக்கும் ஒரு தெர்மாமீட்டருக்கும் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஆளா, அடுப்பா?

குழி இருந்த காலத்தில் திறமை முழுவதும் ஆளிடம் இருந்தது. ஆனால் ஆளுக்குப் பெயர் இல்லை. இரும்பு அடுப்பு வந்த பிறகு திறமையில் ஒரு பகுதி இயந்திரத்துக்குள் போய்விட்டது. தண்ணீர்ச் சட்டி ஒரு அனுபவம், தடித்த தகடு ஒரு அனுபவம், மோட்டார் இன்னொரு அனுபவம். யாரோ இரவெல்லாம் விழித்துக் கற்றதைத்தான் இன்று பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அடுப்பின் மேல் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் அதில் இல்லை.

ஆனாலும் ஒன்று நடந்திருக்கிறது. சக்கரம் முளைத்த பிறகு யார் வேண்டுமானாலும் மைதானத்துக்கு வரலாம் என்று ஆனது. பண்ணை முதலாளி தேவையில்லை, நிலம் தேவையில்லை. 1978ல் மெம்பிஸில் கறுப்பினப் பெண் ஒருவர் முதல் பரிசு வாங்கியபோது, அவருடைய பெயரைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டியிருந்தது. குழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அது நடந்தது.

ஆகவே அடுப்பு வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும். எந்த ஊரில் வைத்தாலும் ஒரே மாதிரி சூடு தருகிறதா? இரண்டு பேர் தூக்க முடிகிறதா? உடைந்தால் பக்கத்துப் பட்டறையில் சரிசெய்ய முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நல்ல அடுப்பு. மீதியெல்லாம் பந்தா. எண் ஒட்டிய அந்தப் பெட்டியைத் திறக்கும் நடுவருக்குப் பந்தா தெரியாது, கறி வெந்ததா வேகவில்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை ஏதாவது கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது பின்கட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மாஸ்டரிடம் பெயர் என்ன என்று கேளுங்கள்.